வீக்கத்துக்கு வந்த பெயர்கள்

ஒரு மக்களினத்தின் வரலாற்றைக் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் தேடுவது வழக்கம். அவர்கள் நாள்தோறும் பேசுகின்ற சொற்களிலும் அவ்வரலாறு புதைந்து கிடக்கின்றது. எந்தச் சொல் எங்கிருந்து வந்தது, எந்தப் பொருளோடு வந்தது, பிறகு எப்படிப் பொருள் மாறியது என்று தேடிக்கொண்டு போனால், அச்சொல்லை ஆண்ட மக்களின் வாழ்வும் அச்சமும் அறியாமையும் அறிவும் வெளிப்படக் காணலாம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்று விந்தையானது. உடம்பில் தோன்றும் வீக்கத்தைக் குறிக்க ஆங்கில மொழியில் வழங்கும் சொற்கள், அவற்றின் பொருள், அவற்றின் பிறப்பு ஆகியவற்றைக் காண்போம்.

வீக்கத்திற்கு என்ன வரலாறு இருக்க முடியும் என்று சிலர் நினைக்கலாம். முதலில் நம் தமிழையே பாருங்கள். தலை நிலைப்படியில் இடித்தால் ‘புடைத்துவிட்டது’ என்கிறோம். சூடான எண்ணெய் தெறித்தால் ‘கொப்புளம்’ என்கிறோம். சீழ் வைத்தால் ‘கட்டி’. வலியில்லாமல் வளர்ந்தால் ‘கழலை’. காலில் புண் இருக்க அரையில் வீங்கினால் ‘நெறி கட்டியிருக்கிறது’. கன்னமும் தாடையும் வீங்கும் குழந்தைக்கு வந்திருப்பது ‘பொன்னுக்கு வீங்கி’. ஒரே வீக்கந்தான், ஆனால் இடத்தையும் இயல்பையும் பார்த்து நம் முன்னோர் வெவ்வேறு பெயரிட்டனர். ஆங்கிலேயரும் அவ்வாறே செய்தனர். எனினும் அவர்களுடைய சொற்கள் ஒரே மொழியில் பிறந்தவை அல்ல. அங்கேதான் வரலாறு தொடங்குகின்றது.

கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் பிரிட்டன் தீவுக்கு வந்து குடியேறிய செர்மானியக் குலத்தார் பேசிய மொழியே ஆங்கிலத்தின் வேர். 1066ஆம் ஆண்டில் நார்மண்டியிலிருந்து வந்த படை இங்கிலாந்தை வென்றது. அதன்பின் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி அமர்ந்தது. பிறகு வந்த மறுமலர்ச்சிக் காலத்தில் கற்றோர் இலத்தீன் கிரேக்க நூல்களிலிருந்து சொற்களை வாரி எடுத்தனர். எனவே ஆங்கிலத்தில் அடுக்களைச் சொல் ஒரு மொழியிலும் ஆய்வுக்கூடச் சொல் இன்னொரு மொழியிலும் இருப்பதைக் காண்கின்றோம். வீக்கத்தைப் பற்றிய சொற்களும் இந்த அடுக்குகளில்தான் கிடக்கின்றன.

முதல் அடுக்கு, வீட்டுச் சொற்கள். ‘ஸ்வெல்’ என்னும் வினை பழைய செர்மானியச் சொல். அது உடம்பு வீங்குவதையும் குறிக்கும்; கடல் நீர் பெரும் அலையாக உயர்ந்து வருவதையும் குறிக்கும். சீழ்க்கட்டியைக் குறிக்கும் ‘பாய்ல்’ என்ற சொல்லும் பழைய ஆங்கிலத்தில் இருந்ததே. தண்ணீர் கொதிப்பதற்கும் ஆங்கிலத்தில் ‘பாய்ல்’ என்றுதானே சொல்கிறார்கள், கட்டி கொதிப்பதால் அந்தப் பெயர் வந்ததோ என்று கேட்கத் தோன்றும். இல்லை. கொதித்தலைக் குறிக்கும் சொல், நீர்க்குமிழியைக் குறிக்கும் ஓர் இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. இரண்டு சொற்களும் வெவ்வேறு வழியில் வந்து ஒரே ஒலியில் முடிந்துவிட்டன. ஒலி ஒன்றாக இருப்பதால் பிறப்பும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

பொன்னுக்கு வீங்கியை ஆங்கிலத்தில் ‘மம்ப்ஸ்’ என்பர். ‘மம்ப்’ என்பது முகத்தைக் கோணலாக வைத்துக்கொள்வதைக் குறித்த பழைய பேச்சுச் சொல். தாடை வீங்கிய குழந்தை வாயைத் திறக்க முடியாமல், விழுங்க முடியாமல் முகத்தைச் சுளிக்கின்றதல்லவா? ஆங்கிலத் தாய் அந்தச் சுளிப்பைப் பார்த்துப் பெயரிட்டாள். தமிழ்த் தாயோ கழுத்தில் பொன் சங்கிலியை அணிவித்தால் வீக்கம் வடியும் என்று நம்பினாள். அந்த நம்பிக்கை பெயரிலேயே ஏறிக்கொண்டது. உண்மையில் இந்நோய் ஒரு வைரஸ் கிருமியால் வருவது. பொன் அணிந்தாலும் அணியாவிட்டாலும் பெரும்பாலும் சில நாட்களில் தானே வடிந்துவிடும். தானே வடிந்ததற்குப் பொன் புகழ் பெற்றது.

வீட்டுச் சொற்களில் இன்னொரு வியப்பும் உண்டு. வீங்குதல் என்ற பொருளுடைய மிகப் பழைய வேர் ஒன்று இந்திய ஐரோப்பிய மொழிக் குடும்பத்தில் இருந்ததாக மொழியறிஞர் கூறுகின்றனர். அந்த வேரிலிருந்து பெருவிரலைக் குறிக்கும் ‘தம்ப்’ என்ற சொல் பிறந்தது. மற்ற விரல்களைவிடப் பருத்திருப்பதால் அது வீங்கிய விரல். தொடையைக் குறிக்கும் ‘தை’ என்ற சொல்லும் அதிலிருந்தே வந்தது. அது காலின் பருத்த பகுதி. ஆயிரத்தைக் குறிக்கும் ‘தவ்சண்ட்’ என்ற சொல்லுக்கும் ‘வீங்கிய நூறு’ என்பதே மூலப் பொருளாக இருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. நூறு வீங்கினால் ஆயிரம்! எண்ணத் தெரிந்த இடையன் ஒருவன் தன் மந்தை பெருத்ததைக் கண்டு சொன்னதுபோல் இருக்கின்றது.

அரசாங்கங்கள் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் ‘பட்ஜெட்’டும் இந்தச் சொற்கூட்டத்துக்கு உறவுதான். இலத்தீனில் ‘புல்கா’ என்றால் தோற்பை. அது பிரெஞ்சில் உருமாறி, சிறு தோற்பை என்ற பொருளில் ஆங்கிலத்துக்கு வந்தது. கணக்குத் தாள்களைப் பையில் வைத்திருந்த நிதியமைச்சர் பையைத் திறந்து கணக்கை வெளியிட்டார். பையின் பெயர் கணக்குக்கு ஆகிவிட்டது. பையைப் போல் புடைத்திருப்பதைக் குறிக்கும் ‘பல்ஜ்’ என்ற சொல்லுக்கும் அதே தோற்பைதான் மூலம். அந்தப் பட்ஜெட்டில் அடிக்கடி பேசப்படுகின்ற ‘இன்ஃபிளேஷன்’ என்பது, ஊதிப் பெரிதாக்குதல் என்ற பொருளுடைய இலத்தீன் சொல். அதற்குத் தமிழில் ‘பணவீக்கம்’ என்று பெயரிட்டவர், சொல்லின் உள்ளம் அறிந்தே பெயரிட்டிருக்கின்றார். வீங்கிய கை பெரிதாகத் தெரியும். ஆனால் அதில் வலு இருக்காது. வீங்கிய பணமும் அப்படித்தான்.

இனி இரண்டாவது அடுக்குக்கு வருவோம். அது மருத்துவர் சொற்களின் அடுக்கு.

கி.பி. முதல் நூற்றாண்டில் செல்சஸ் என்னும் ரோமானியர் இலத்தீனில் மருத்துவ நூல் ஒன்றை எழுதினார். உடம்பின் ஒரு பகுதி அழற்சி அடைந்தால் நான்கு குறிகள் தோன்றும் என்று அவர் வகுத்தார். அவை சிவப்பு, வீக்கம், சூடு, வலி. இன்றும் மருத்துவ மாணவர் இந்நான்கையும் படிக்கின்றனர். செல்சஸ் வீக்கத்துக்கு வழங்கிய சொல் ‘டியூமர்’. அக்காலத்தில் எந்த வீக்கமும் டியூமர்தான். தேள் கொட்டிய விரலும் டியூமர். சுளுக்கிய கணுக்காலும் டியூமர். காலப்போக்கில் அச்சொல்லின் பொருள் சுருங்கி, உடம்பில் தேவையின்றிப் புதிதாக வளரும் கட்டியை மட்டும் குறிக்கலாயிற்று. இன்று அந்தச் சொல்லைக் கேட்டவுடன் நெஞ்சு திடுக்கிடுகின்றது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் அது யாரையும் அச்சுறுத்தாத எளிய சொல்.

கட்டிகளுள் கொடியதற்குக் கிரேக்கர் நண்டின் பெயரை இட்டனர். கட்டியைச் சுற்றிப் புடைத்திருக்கும் நரம்புகள் நண்டின் கால்களைப் போல் தோன்றியதால் அப்பெயர் வந்தது என்று பண்டை மருத்துவர் விளக்கினர். அதன் இலத்தீன் மொழிபெயர்ப்பே ‘கேன்சர்’. தமிழர் அதே நோயைப் ‘புற்று’ என்றனர். கரையான் மண்ணைக் குவித்து, உள்ளே அறை அறையாகக் குடைந்து புற்று வளர்ப்பதை நாம் பார்த்திருக்கின்றோம். கடற்கரை மக்கள் நண்டைக் கண்டனர். காட்டையும் வயலையும் அறிந்த மக்கள் புற்றைக் கண்டனர். அவரவர் கண்ணுக்குப் பழகிய பொருளே அவரவர் உவமையாயிற்று.

கைகால்களில் நீர் கோத்து வீங்குவதற்கு மருத்துவர் இன்று வழங்கும் சொல் ‘எடிமா’. வீங்குதல் என்ற பொருளுடைய கிரேக்க வினையிலிருந்து வந்தது. அதே வினையை நாம் ஒரு புகழ்பெற்ற பெயரிலும் காணலாம். கிரேக்க நாடகாசிரியர் சோபாக்ளிஸ் நாடகமாக்கிய ‘எடிப்பஸ்’ மன்னனின் கதையைப் பலரும் அறிவர். பிறந்த குழந்தையால் தன் உயிருக்கு ஆபத்து என்று கேட்ட தந்தை, அதன் கால்களைத் துளைத்துக் கட்டி மலையில் எறியச் சொன்னான். குழந்தை பிழைத்தது. அதன் கால் வீங்கியிருந்ததால் ‘வீங்கிய பாதன்’ என்று பொருள்படும் பெயர் அமைந்தது. தான் யார் என்பதற்கான சான்றைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு, அதை அறியாமல் வாழ்ந்தான் அம்மன்னன். வீக்கத்தின் பெயரை வைத்திருந்தும் அதன் காரணத்தை அறியாமல் மனிதகுலம் வாழ்ந்த காலமும் மிக நீண்டது. இனி வரும் சொற்கள் அந்தக் கதையைத்தான் கூறுகின்றன.

பழைய ஆங்கில நூல்களைப் படிப்போர் ‘டிராப்சி’ என்ற சொல்லை அடிக்கடி காண்பர். கிரேக்கத்தில் நீரைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த ‘ஹைட்ராப்ஸ்’ என்பதே இதன் மூலம். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது முதல் அசை தேய்ந்து விழுந்தது. நீரைக் குறித்த பகுதியே உருத்தெரியாமல் போயிற்று. கால் வீங்கும், வயிறு பெருக்கும், மூச்சு வாங்கும், நோயாளி படுக்க முடியாமல் உட்கார்ந்தே இரவைக் கழிப்பான். நம் வைத்தியர்கள் இதைச் ‘சோபை’ என்றும், வயிறு பெருத்தால் ‘மகோதரம்’ என்றும் கூறினர். மேல்நாட்டார் நூற்றாண்டுகளாக டிராப்சி என்பதையே ஒரு நோய் என எண்ணினர். உடம்பில் நீர் மிகுந்துவிட்டது, அதை வெளியேற்ற வேண்டும் என்பதே அவர்கள் கண்ட விளக்கம்.

1775ஆம் ஆண்டில் வில்லியம் வித்தரிங் என்ற ஆங்கில மருத்துவரிடம் ஒரு குடும்ப மருந்தைப் பற்றிக் கருத்துக் கேட்டனர். ஷ்ராப்ஷயர் வட்டாரத்தைச் சேர்ந்த ஒரு மூதாட்டி இரகசியமாக வைத்திருந்த மருந்து அது. மருத்துவர்கள் கைவிட்ட டிராப்சி நோயாளிகளும் அதனால் தேறியதுண்டு. அதில் இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகள் இருந்தன. அவற்றுள் வேலை செய்வது ‘ஃபாக்ஸ்குளோவ்’ என்னும் செடியே என்று வித்தரிங் கண்டார். எவ்வளவு கொடுத்தால் மருந்து, எவ்வளவு கொடுத்தால் நஞ்சு என்று பத்து ஆண்டுகள் கவனித்து, 1785இல் தம் நூலை வெளியிட்டார். தேறியவர்களை மட்டுமல்லாமல் தேறாதவர்களையும் அதில் குறித்துவைத்தார். அந்தச் செடியிலிருந்து கிடைத்த டிஜிட்டாலிஸ் மருந்து இதயத்துக்கு வலுவூட்டுவது என்பது பின்னர் தெளிவாயிற்று.

1827இல் இலண்டன் மருத்துவர் ரிச்சர்ட் பிரைட் மற்றோர் உண்மையை வெளியிட்டார். வீங்கிய நோயாளிகள் சிலருடைய சிறுநீரைச் சூடாக்கினால் முட்டையின் வெண்கருவைப் போலத் திரிகின்றது. அவர்கள் இறந்தபின் பார்த்தால் சிறுநீரகம் கெட்டிருக்கின்றது. அப்படியானால் ஒரே மாதிரி வீங்கிய இருவரில் ஒருவருக்கு இதயம் பழுது, மற்றவருக்குச் சிறுநீரகம் பழுது. இன்னொருவருக்குக் கல்லீரல் பழுதாகவும் இருக்கலாம். டிராப்சி என்பது நோயன்று, பல நோய்களின் அடையாளம் என்பது தெரிந்தது. தெரிந்தபின் அச்சொல்லுக்கு வேலை இல்லாமற் போயிற்று. இன்று எந்த மருத்துவரும் நோயின் பெயராக அதை எழுதுவதில்லை. ஒரு சொல் மறைந்ததே ஓர் அறிவு வளர்ந்ததற்கு அடையாளம்.

கழுத்தில் மாலை கோத்தாற்போல் கட்டிகள் வரிசையாகத் தோன்றும் நோயைத் தமிழில் ‘கண்டமாலை’ என்பர். ஆங்கிலத்தில் அது ‘ஸ்குரோஃபுலா’. இலத்தீனில் ‘ஸ்குரோஃபா’ என்றால் தாய்ப்பன்றி. வீங்கிய கழுத்து பன்றியின் கழுத்தை நினைவூட்டியது போலும். நாம் மாலையைக் கண்ட இடத்தில் அவர்கள் பன்றியைக் கண்டனர். இதே நோய்க்கு இங்கிலாந்து மக்கள் ‘அரசனின் நோய்’ என்று பொருள்படும் பெயரையும் வைத்தனர். அரசன் தொட்டால் குணமாகும் என்ற நம்பிக்கையே காரணம். இரண்டாம் சார்லஸ் மன்னர் 1660இல் அரியணை ஏறியது முதல் 1685இல் இறக்கும்வரை தொட்டவர்களின் எண்ணிக்கை 90,000ஐத் தாண்டும் என்பர். தொட்டவர்களுக்குப் பொற்காசு ஒன்றும் கழுத்தில் அணிவிக்கப்பட்டது. 1712இல் ஆன் அரசியார் தொட்ட குழந்தைகளில் ஒருவர்தான் பின்னாளில் ஆங்கில அகராதி இயற்றிப் புகழ்பெற்ற சாமுவேல் ஜான்சன். அவர் அந்தக் காசை வாழ்நாள் முழுதும் அணிந்திருந்தார். கழுத்திலிருந்த தழும்புகளும் வாழ்நாள் முழுதும் இருந்தன.

அந்நோய் என்ன என்பதை 1882இல் செர்மானிய அறிஞர் ராபர்ட் காக் காட்டிய வழியில் உலகம் அறிந்தது. சயரோகத்தை உண்டாக்கும் கிருமியை அவர் கண்டுபிடித்தார். நுரையீரலைத் தின்னும் அதே கிருமிதான் கழுத்தின் நெறிக்கட்டிகளிலும் குடியேறிக் கண்டமாலையை உண்டாக்குகின்றது. சயரோகத்தின் ஆங்கிலப் பெயரான ‘டியூபர்குலோசிஸ்’ என்பதற்கும் ‘சிறு வீக்கம்’ என்பதே அடிப்படைப் பொருள். நுரையீரலில் காணும் சிறு முண்டுகளைப் பார்த்து அமைந்த பெயர் அது. நிலத்தடியில் பருத்து விளையும் கிழங்குக்கு வழங்கும் ‘டியூபர்’ என்ற சொல்லும் இதுவும் ஒரு தாய் மக்கள்.

சொற்களிலெல்லாம் அதிக அச்சத்தைச் சுமந்த சொல் ‘பியூபோ’. கிரேக்கத்தில் அரை அல்லது தொடையிடுக்கு என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. அவ்விடத்தில் தோன்றும் வீக்கத்தையும் குறித்தது. தமிழில் ‘அரையாப்பு’ என்ற சொல்லும் அரையை அடிப்படையாகக் கொண்டதே. கொள்ளை நோயாகிய பிளேக்கின் ஒரு வகைக்குப் ‘பியூபானிக் பிளேக்’ என்ற பெயர் இதனால் ஏற்பட்டது. 541இல் சஸ்டினியன் பேரரசர் காலத்தில் மத்தியதரைக்கடல் நாடுகளை அது சூறையாடியது. 1347 முதல் 1351 வரை ஐரோப்பாவில் மூன்றில் ஒரு பங்கு மக்களையேனும் கொன்றது. 1665இல் இலண்டன் நகரைச் சுடுகாடாக்கியது. அக்குளிலோ அரையிலோ சிறு வீக்கம் கண்டால் போதும்; வீட்டுக் கதவை வெளியே பூட்டிச் சிவப்புச் சிலுவை வரைந்தனர். காற்றில் நஞ்சு என்றனர், கோள்களின் கோளாறு என்றனர், சில நாடுகளில் யூதர்கள் கிணற்றில் நஞ்சிட்டனர் என்று பழி சுமத்திக் குற்றமற்ற யூதர்களைக் கொன்றனர். காரணம் தெரியாத இடத்தில் பழி புகுந்துகொள்ளும் என்பதை இந்த வரலாறு காட்டுகின்றது.

விடை அந்த வீக்கத்துக்குள்ளேயே இருந்தது. 1894இல் ஹாங்காங்கில் பிளேக் பரவியபோது அங்குச் சென்ற அலெக்சாண்டர் எர்சின், இறந்தவர்களின் நெறிக்கட்டியைக் கீறி, உள்ளிருந்ததை நுண்நோக்கியில் பார்த்தார். கிருமிகள் மொய்த்திருந்தன. நான்கு ஆண்டுகள் கழித்து, 1898இல், கராச்சியில் பணியாற்றிய பால் லூயி சிமோன், எலியிடமிருந்து அக்கிருமியைக் கொண்டுவருவது தெள்ளுப்பூச்சி என்று காட்டினார். தெள்ளு பெரும்பாலும் காலில் கடிக்கின்றது. கடிவாயில் புகுந்த கிருமியை அரையிலுள்ள நிணநீர்ச் சுரப்பி தடுத்து நிறுத்தப் போராடுகின்றது; போராட்டத்தில் வீங்குகின்றது. காலில் புண் வந்தால் அரையில் நெறி கட்டும் என்று நம் பாட்டிமார் அறிந்திருந்ததும் இதே உடலமைப்பைத்தான்.

கழுத்தின் முன்புறம் தோன்றும் கழலைக்கு ஆங்கிலத்தில் ‘காய்ட்டர்’ என்று பெயர். தொண்டையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஆல்ப்ஸ் மலை ஊர்களில் இந்தக் கழலை மிகப் பரவலாக இருந்தது. கழலையோடு உடலும் அறிவும் வளர்ச்சி குன்றிப் பிறந்த குழந்தைகளை அங்கே ‘கிரெட்டின்’ என்றனர். கிறிஸ்தவர் என்பதன் வட்டார உச்சரிப்பே அச்சொல். குறையுடையவரும் மனிதரே என்று இரக்கத்தோடு பிறந்த சொல், பிற்காலத்தில் வசைச்சொல்லாக இழிந்தது. இரக்கம் தேய்ந்து ஏளனம் எஞ்சியது வருந்தத்தக்கது.

மலை நீரிலும் மண்ணிலும் அயோடின் என்னும் பொருள் குறைந்திருப்பதே இக்கழலைக்குக் காரணம். 1811இல் பிரான்சில் பெர்னார் கூர்த்துவா கடற்பாசிச் சாம்பலிலிருந்து அயோடினைக் கண்டறிந்தார். 1820இல் செனீவா மருத்துவர் குவான்டே கழலைக்கு அதை மருந்தாகக் கொடுத்தார். 1922இல் சுவிட்சர்லாந்திலும் 1924இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலும் சமையல் உப்பில் சிறிதளவு அயோடின் சேர்த்து விற்கத் தொடங்கினர். ஒரு தலைமுறைக்குள் பள்ளிப் பிள்ளைகளின் கழுத்திலிருந்து கழலை மறைந்துவந்தது. நம் சரவாக்கின் உட்பகுதிகளிலும் இக்கழலை பரவலாக இருந்ததுண்டு. அங்கும் அயோடின் கலந்த உப்பே கைகொடுத்தது. எத்தனையோ நூற்றாண்டுத் துன்பத்துக்குத் தீர்வு ஒரு சிட்டிகை உப்பில் இருந்தது.

இனி மூன்றாவது அடுக்கு. ஆங்கிலேயர் கிழக்கு நாடுகளிலிருந்து எடுத்துக்கொண்ட சொல் அது. நம்மோடு நேரான தொடர்புடையது. ‘பெரிபெரி’ என்பதே அச்சொல்.

இந்நோயின் ஒரு வகையில் கால்கள் வீங்கும். விரலால் அழுத்தினால் குழி விழும்; குழி உடனே நிரம்பாது. இதயம் தளர்ந்து மனிதன் திடீரென்று இறந்தும் போவான். மற்றொரு வகையில் கால்கள் மரத்து, வலுவிழந்து, நடை தள்ளாடும். பெயரின் பிறப்பைப் பற்றி இரு கருத்துகள் உண்டு. சிங்களத்தில் இயலாமையைக் குறிக்கும் ‘பெரி’ என்ற சொல் அடுக்கி வந்து, ‘முடியவில்லை, முடியவில்லை’ என்று பொருள்படுவதாகப் பல அகராதிகள் கூறுகின்றன. பதினேழாம் நூற்றாண்டில் ஜாவாவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் போன்டியஸ் வேறு விளக்கம் எழுதினார். மலாய் மொழியில் ‘பிரி பிரி’ என்றால் செம்மறியாடு என்பது நாம் அறிந்ததே. முழங்கால் நடுங்க, காலைத் தூக்கித் தூக்கி வைக்கும் நோயாளியின் நடை ஆட்டின் நடையைப் போன்றிருப்பதால் அப்பெயர் வந்தது என்றார் அவர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் மருத்துவமனைகளிலும் இந்நோய் ஆயிரக்கணக்கானோரை வருத்தியது. பெரும்பாலும் மாண்டவர்கள் சீனத் தொழிலாளர்கள். அதே காலத்தில், அதே வெயிலிலும் மழையிலும் தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளர்களிடம் பெரிபெரி மிக அரிதாக இருந்தது. தமிழர் வளமாக வாழ்ந்ததால் அன்று. அவர்களும் வறுமையிலேயே வாழ்ந்தனர், மலேரியாவினால் ஏராளமாக மடிந்தனர். பிறகு பெரிபெரி மட்டும் ஏன் அவர்களை விட்டு விலகியது?

நெகிரி செம்பிலானில் மருத்துவராகப் பணியாற்றிய லியோனர்ட் பிராடன் இக்கேள்வியை எழுப்பி, விடை சோற்றில் இருக்கின்றது என்று வாதிட்டார். 1907இல் அதைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றும் வெளியிட்டார். சீனத் தொழிலாளர் உண்டது ஆலையில் நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர் உண்டது நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திக் குத்திய புழுங்கலரிசி.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் 1905இன் இறுதியில் இதைச் சோதித்துப் பார்த்தார். நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணி, ஒற்றைப்படை எண்ணினரை ஒரு பக்கமும் இரட்டைப்படை எண்ணினரை மறுபக்கமும் தங்கவைத்தார். ஒரு சாராருக்குப் பச்சரிசிச் சோறு, மறுசாராருக்குப் புழுங்கலரிசிச் சோறு. மற்ற உணவெல்லாம் ஒன்றே. நோய் கட்டடத்தில் இருக்கின்றதோ என்ற ஐயம் தீர, இடையில் இரு சாராரின் இருப்பிடத்தையும் மாற்றிவிட்டார். பச்சரிசி உண்டவர்களில் பலர் பெரிபெரியால் வீழ்ந்தனர், சிலர் இறந்தனர். புழுங்கலரிசி உண்டவர்களை அது வருத்தவில்லை. தம் விருப்பத்தை எடுத்துச் சொல்ல இயலாத நோயாளிகளைக் கொண்டு இத்தகைய சோதனை செய்வதை இன்றைய மருத்துவ நெறி ஏற்காது. அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. ஆயினும் அவர்களுடைய உயிர் கொடுத்த பாடத்தால் பிழைத்தவர்கள் கோடிக்கணக்கானோர் என்பதை நன்றியோடு நினைத்தல் வேண்டும்.

பின்னர் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டான்டனும் ஜெலுபுப் பகுதியில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளரிடையே ஆராய்ந்து, 1909இல் முடிவை வெளியிட்டனர். அரிசியில் நஞ்சு எதுவும் இல்லை. தீட்டும்போது தவிட்டோடு போய்விடுகின்ற ஏதோ ஒரு பொருளின் குறைவே நோய்க்குக் காரணம் என்று அவர்கள் நிறுவினர். ஜாவாவில் கோழிகளை ஆராய்ந்த ஐக்மன் இதற்கு முன்பே தவிட்டின் ஆற்றலைக் கண்டிருந்தார். 1929இல் நோபெல் பரிசும் பெற்றார். 1912இல் கசிமிர் ஃபங்க் என்ற அறிஞர் இத்தகைய பொருள்களுக்கு ‘வைட்டமின்’ என்று பெயரிட்டார். பெரிபெரியைத் தடுப்பது இன்று நாம் பி1 வைட்டமின் என்று அறிவது. 1936இல் அதைச் செயற்கையாக ஆக்கிக் காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ் பிறந்த ஊர், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள இச்சத்து அரிசிக்குள் ஊறிவிடுகின்றது. பிறகு தீட்டினாலும் முழுதும் போவதில்லை. இந்த விளக்கமெல்லாம் தெரியாமலே, பழக்கத்தால் நெல்லை அவித்த பெண்கள் கடல் கடந்து போன தம் மக்களின் உயிரைக் காத்தனர்.

நேயர்களே, இதுவரை நாம் கண்டவற்றைத் தொகுத்துப் பார்ப்போம். சுளித்த முகம், நண்டு, பன்றி, தோற்பை, ஆடு என்று மனிதன் தன் கண்ணுக்குப் பட்ட உருவத்தை வைத்து வீக்கத்துக்குப் பெயரிட்டான். பெயரிட்டதும் நோயை அறிந்துவிட்டதாக எண்ணினான். அந்த எண்ணம் நீடித்த காலமெல்லாம் அரசனின் கையும் பொற்காசும் மருந்தாக இருந்தன. பெயருக்குப் பின்னால் சென்று, ‘இவன் வீங்குகிறான், அவன் ஏன் வீங்கவில்லை?’ என்று ஒருவர் கேட்டபோதுதான் வழி பிறந்தது. அந்தக் கேள்வியைக் கேட்க அரசனாக இருக்க வேண்டியதில்லை. மூதாட்டியின் மூலிகை மூட்டையும் தோட்டத் தொழிலாளியின் சோற்றுத் தட்டும் அதற்கு விடை வைத்திருந்தன.

நம் வீடுகளில் இன்றும் ஒருவருக்குக் கால் வீங்கினால் ‘நீர் இறங்கியிருக்கிறது’ என்கிறோம். கழுத்தில் கட்டி தோன்றினால் ‘சூட்டுக் கட்டி’ என்கிறோம். பெயர் கிடைத்துவிட்டதால் மனம் அமைதி அடைந்துவிடுகின்றது. ஆனால் கால் வீக்கத்துக்கு இதயமோ சிறுநீரகமோ காரணமாக இருக்கலாம். வாரக்கணக்கில் வடியாத கழுத்துக் கட்டி சயரோகமாகவும் இருக்கலாம். ஆகவே அத்தகைய வீக்கம் கண்டால் பெயரோடு நின்றுவிடாமல் மருத்துவரிடம் சென்று காரணத்தைக் கேட்டறிவதே அறிவுடைமை.